கோவிச்சுக்கிறவங்களுக்கு முதல் மெஷின்

மணிமாறனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. நன்றாகப் படித்தவன்தான், மேடையில் ஏற்றிவிட்டால் பேசவும் செய்வான். ஆனால் ஒரு மனிதர் எதிரில் வந்து நின்று ஏதாவது கேட்டுவிட்டால் போதும், ‘சரிங்க’ என்ற வார்த்தை அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிடும். இப்படிப்பட்டவனைத்தான் தா.பழூர் பக்கத்து உழவர் கம்பெனி ஒன்று தலைமைப் பொறுப்புக்கு எடுத்திருந்தது. யோசிக்காமல் எடுத்தார்களா, நன்றாக யோசித்தே எடுத்தார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

விசிட்டிங் கார்டில் சி.இ.ஓ. என்று போட்டிருக்கும். சொந்த ஊரான அரும்பாவூரில் அவன் அம்மா அதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். சி.இ.ஓ. காலையில் வந்து ஷட்டரைத் தூக்க வேண்டும், உர மூட்டைகளுக்கு நடுவே கூட்டிப் பெருக்க வேண்டும், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் கார்டில் இல்லை. அவனுக்குக் கீழே வேலை பார்ப்பது கணக்கெழுதும் ஜெயசித்ரா ஒருத்திதான். அவளும் கீழே இருப்பதாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

ஊர் விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு நடத்துகிற கம்பெனி அது. சொந்தமாக ஒரே ஓர் அறுப்பு மெஷின் உண்டு. மற்ற நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் தூங்கும். தை பிறந்துவிட்டால் எல்லோருக்கும் அது ஒரே நாளில் வேண்டும். ஆத்தூர் பக்கமிருந்து வெளி மெஷின்கள் வரத்தான் செய்யும். ஆனால் கம்பெனி மெஷின் பக்கத்து வயலில் ஓடும்போது வெளி மெஷினைக் கூப்பிட்டு அறுப்பது மானக்கேடு என்று ஊரில் ஒரு நினைப்பு.

“நாளைக்கு நமக்குத்தானே மணி?” என்று ஒருவர் போனில் கேட்பார். “ஆமாங்க, உங்களுக்குத்தாங்க” என்பான். அடுத்தவர் கேட்பார், அவருக்கும் அதே பதில். மறுநாள் விடிந்தால் நாலாபக்கமும் வயல்களில் ஆட்கள் சாக்கும் தார்ப்பாயுமாகக் காத்திருப்பார்கள். மெஷின் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். மணிமாறன் போனை சைலண்ட்டில் போட்டுவிட்டு உர மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பக்கத்தில் சண்டை போடுகிறவர்கள் குறைவு. கோவித்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். சண்டை என்றால் நாலு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும். கோவித்துக்கொண்டவரை வீடு தேடிப் போய்ச் சமாதானம் பண்ண வேண்டும். தனியாகவும் போக முடியாது, சொந்தத்தில் ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கம்பெனி சேர்மன் முத்துசாமி கோவித்துக்கொண்டால் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க மாட்டார். டைரக்டர்களில் ஒருவரான ராஜராஜன் இதில் இன்னும் கைதேர்ந்தவர். ஒரு மீட்டிங்கில் தனக்கு டீ இரண்டாவதாக வந்துவிட்டது என்று அன்றிலிருந்து கம்பெனி டீயைத் தொடுவதில்லை. மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆக, மெஷின் எந்த வயலுக்கு முதலில் போகும் என்றால், யார் பெரிதாகக் கோவித்துக்கொள்வார்களோ அவர் வயலுக்கு. முதல் வயல் எப்போதும் சேர்மனுடையது. அவருக்குக் கைராசி என்று பேச்சு. பருவத்தின் முதல் பிடிக் கதிரை அவர் அறுத்துக் கொடுத்த பிறகுதான் மெஷின் இறங்கும். இதெல்லாம் எழுதிவைத்த சட்டம் இல்லை. மணிமாறன் பேச்சு வாங்கி வாங்கித் தானாகக் கற்றுக்கொண்டது.

இந்த லட்சணத்தில்தான் மார்கழிக் கடைசியில் பெரம்பலூரில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அலுவலக வேலைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பது தலைப்பு. சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் அங்குமிங்கும் நடந்தபடியே பேசினார். உங்கள் வேலைகளையெல்லாம் ஏஐயிடம் கொட்டுங்கள், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று அது பிரித்துக் கொடுத்துவிடும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: எந்த வேலை தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று அதனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க, மணிமாறனுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. தனக்குப் பதிலாக இன்னொருத்தர் முடிவெடுப்பார் என்பதைவிட நல்ல சேதியை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை. அரியலூர் பஸ்ஸிலேயே அதைப் போனில் இறக்கிக்கொண்டான்.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து, யார் யாருக்கு எவ்வளவு நிலம், எப்போது நட்டது, எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏஐ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சேர்மன் பேர் வந்ததும் தன் கேள்வியைக் கேட்டது.

“திரு. முத்துசாமி அவர்களின் அறுவடை தாமதமானால் என்ன பாதிப்பு ஏற்படும்?”

மணிமாறன் உண்மையைச் சொன்னான். கோவிச்சுக்குவார். பேரன் காதுகுத்து வருது, பத்திரிகை வைக்க மாட்டார். சமாதானம் பண்ணப் பெரிய ஆளுங்க நாலு பேரு வேணும். ராஜராஜனைப் பற்றிக் கேட்டபோது, அடுத்த பொங்கல்வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்றான். இப்படியே ஊர்க் கோபத்தையெல்லாம் ஒப்பித்தான். யார் பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், யார் பெண்டாட்டியை விட்டுத் திட்டச் சொல்வார் என்று அவனுக்குத் தெரியாதது இல்லை. கடைசியாகக் காத்தாயி பேர் வந்தது. ஏஐ அதே கேள்வியைக் கேட்டது.

“காத்தாயி அக்காவா? ஒண்ணும் ஆகாது” என்றான் மணிமாறன். “அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.”

கண்ணை மூடித் திறப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. திரு. முத்துசாமி, உயர் முன்னுரிமை. தாமதித்தால் உறவுச் சேதம் கடுமையாக இருக்கும். திரு. ராஜராஜன், உயர் முன்னுரிமை. சேதம் நீண்டகாலம் நீடிக்கும். அப்படியே இறங்கிக்கொண்டே போய், திருமதி காத்தாயி. தாமதத்தால் பாதிப்பு ஏதும் தெரிவிக்கப்படவில்லை, கடைசியாகச் செய்யலாம் என்று முடிந்தது. காத்தாயியைத் திருமதி என்று அழைத்த முதல் ஆள் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

ஜெயசித்ரா எட்டிப் பார்த்துவிட்டு, போன வருஷம் நாம் போட்ட வரிசைதானே இது, என்ன, நாம் தலையைப் பிய்த்துக்கொண்டு போட்டதை இது தலை இல்லாமலே போட்டிருக்கிறது என்றாள். மணிமாறன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரணங்களை நீக்கிவிட்டு, பேர்களை மட்டும் பிரிண்ட் எடுத்து, ‘செயற்கை நுண்ணறிவு தயாரித்தது’ என்று தலைப்புப் போட்டு ஷட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டினான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையே மாறிவிட்டது. போன் வந்தால் தைரியமாக எடுத்தான். என் கையில ஒண்ணும் இல்லைங்க, ஏஐ போட்டதுங்க என்றான். கேட்டவர்கள் ஏஐயை ஏகத்துக்குத் திட்டினார்கள், அவனிடம் மட்டும் அனுதாபமாகப் பேசினார்கள். ஒருவர், பாவம், அதுகிட்ட மாட்டிக்கிட்டு நீ என்ன பண்ணுவ என்றுகூடச் சொன்னார். மணிமாறன் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான்.

வரிசை எதை வைத்துப் போடப்பட்டது என்பதை ஜெயசித்ரா யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சேர்மனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை; யார் சொல்வது? தன் பேர் முதலில் இருப்பது கைராசியால் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து ஆபீசில் ஒரே கூட்டம். எல்லோரும் தங்கள் கோபத்தைப் பதிவு செய்ய வந்திருந்தார்கள். போன தடவை என் கோவத்தைக் கம்மியா சொல்லியிருக்கே என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். இன்னொருவர், தான் சொந்த அண்ணனோடு பேசாமல் இருந்ததற்கு அந்த அண்ணனையே சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். சிரித்த முகம் தவிர வேறு முகமே இல்லாத தர்மனும் வந்தார். அவர் மனைவி சுமதி பின்னால் நின்று எடுத்துக்கொடுத்தாள். “நான் கடும் கோவத்துல இருக்கேன் சார்” என்றார் தர்மன், சிரித்துக்கொண்டே. கடும் கோபம் என்று ஏஐயிடம் சொல்லச் சொல்லிவிட்டு, வூட்டுல இன்னைக்கு விரால் மீன் குழம்பு, சாப்பிட வந்துருங்க சார் என்று கூப்பிட்டார். சுமதி தலையில் அடித்துக்கொண்டாள். ராஜராஜன் வந்தார், மணிமாறனோடு பேசவில்லை. ஜெயசித்ராவைப் பார்த்து, என்னை ரெண்டாவதா போட்டது யாருன்னு அவரைக் கேட்டுச் சொல்லும்மா என்றார். அவன் ஓரடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் கூட்டம் கலைந்த பிறகுதான் காத்தாயி வந்தாள். நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவள். ஊரில் பாதி வயல்களில் அவள் ஆட்கள் வைத்த நாற்றுதான் நெல்லாகி நிற்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம், மகன்கள் திருப்பூரில். ஓயாமல் அடுத்தவர் வயலிலேயே குனிந்து நிமிர்ந்தது போதும் என்று வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அந்தத் துண்டு நிலத்துக்கு வெளி மெஷின்காரர்கள் வர மாட்டார்கள், அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. கம்பெனி மெஷின் வந்தால்தான் உண்டு.

ஜெயசித்ரா சுவரில் இருந்ததைப் படித்துக் காட்டினாள். கடைசியா என்று காத்தாயி ஒருதரம் கேட்டுக்கொண்டாள். “பரவால்ல தம்பி. வர்றப்ப வரட்டும்” என்றாள். மணிமாறனின் அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டாள். மணிமாறனுக்கு அவளை நினைத்து மனம் குளிர்ந்தது. எல்லோரும் இப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று ஜெயசித்ராவிடம் சொல்லவும் செய்தான்.

“போன வருஷம் அந்த அக்கா நெல்லு வயல்லயே முளைச்சுப் போச்சு சார்” என்றாள் அவள். “நாம மெஷின் அனுப்பறதுக்குள்ள மழை வந்துருச்சு. அது பாதிப்பு இல்லையா?”

“அவங்க ஒண்ணும் சொல்லலையே.”

“அவங்க சொல்லலை. உங்களுக்குத் தெரியுந்தானே? ஒண்ணும் ஆகாதுன்னு ஏஐகிட்டச் சொன்னது நீங்கதானே சார்?”

மணிமாறன் எழுந்தான். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். காலையில்தான் ஊற்றியிருந்தான், நிரம்பி வழிந்தது.

அன்று மாலை பைக்கை வாய்க்கால் பக்கம் விட்டான். காத்தாயியின் வயல் நல்ல பள்ளம். நெல் முற்றிக் கதிர் கனம் தாங்காமல் தலை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மழை விழுந்தால் படுத்துவிடும், படுத்தால் எழாது. அங்கிருந்து நேராகச் சேர்மன் வயலுக்குப் போனான். அது மேட்டு நிலம். கதிர்களின் அடியில் இன்னும் பச்சை தெரிந்தது. மெஷின் ஓட்டுகிற பழனிவேல் அங்கே பீடி குடித்தபடி நின்றிருந்தார். நாளன்னைக்கு இதுலதான் முதல்ல எறங்கணுங்கிறீங்க, இது இன்னும் ஒரு வாரம் ஜம்முன்னு நிக்கும் சார் என்றார். வங்கக் கடலில் தாழ்வு நிலை, இரண்டொரு நாளில் மழை என்று போனில் சேதி வந்துகொண்டே இருந்தது.

மணிமாறனுக்கு அப்போது வந்தது வெட்கம். போன வருஷம் காத்தாயி கேட்டபோதெல்லாம் ‘நாளைக்கு வந்துரும்க்கா’ என்று சொன்னவன் அவன்தான். முளைத்த நெல்லை வாய்க்கால் மேட்டில் அவள் கொட்டி வைத்திருந்ததைப் பார்த்தவனும் அவன்தான். அதைத்தான் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லியிருக்கிறான்.

ஏஐயிடம் நடந்ததைச் சொல்லி மறுபடியும் கேட்கலாம்தான். ஆனால் அது மறுபடியும் சேர்மனையே தூக்கி மேலே வைத்துவிட்டால், அதற்கும் ‘சரிங்க’ என்று சொல்லிவிடுவோமோ என்று அவனுக்குப் பயம். அதனால் ஆபீசுக்கு வந்து, சுவரில் இருந்த தாளைக் கிழித்தான். காத்தாயி பேரை முதலில் போட்டுத் தானே ஒன்றை டைப் அடித்தான். தலைப்பை மட்டும் மாற்றவில்லை. செயற்கை நுண்ணறிவு தயாரித்தது என்று போட்டே ஒட்டினான். அந்த அளவுக்குத்தான் அவனிடம் தைரியம் இருந்தது.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் சேர்மன் வந்துவிட்டார். கூடவே பத்துப் பேர், வேடிக்கை பார்க்க ராஜராஜனும். நேற்றுவரை முதலில் இருந்த தன் பேர் எப்படி இறங்கியது என்று சேர்மன் கேட்டார். மழை வருதுங்க ஐயா, அதனால ஏஐ மாத்திருச்சுங்க என்றான் மணிமாறன். மாற்றியது ஆளாய் இருந்தால் சேர்மன் கோவித்துக்கொண்டு போயிருப்பார். ஏஐ ஆள் இல்லை, அதன் வீட்டு விசேஷத்தைப் புறக்கணிக்கவும் வழியில்லை. அதனால் தானே பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

போனில் சார்ஜ் இல்லைங்க என்றான் மணிமாறன். ஜெயசித்ரா சார்ஜரைக் கொண்டுவந்து சொருகினாள். நெட் வேற மெதுவா இருக்குதுங்க என்றான். வேகமாத்தான் இருக்கு சார் என்றாள். சேர்மன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, கலெக்டர் முன்னால் உட்காருவது மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“வணக்கம் தம்பி. நான் சேர்மன் முத்துசாமி பேசறேன். மெஷினு முதல்ல யாரு வயலுக்குப் போவணும்னு நீங்க போட்டிருக்கீங்க?”

“வணக்கம். நான் தயாரித்த பட்டியலில் முதலிடம் திரு. முத்துசாமி அவர்களுக்கு. திருமதி காத்தாயி அவர்களின் வயல் கடைசியில் உள்ளது.”

சேர்மன் மணிமாறனை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. அந்த இடத்தில் எழுந்திருந்தால் அவருக்கு நல்லதாகப் போயிருக்கும். ஆனால் கைராசியைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் பேரை எதனால் முதலில் போட்டீர்கள், இங்கே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் என்றார்.

“நிச்சயமாக. திரு. முத்துசாமி மிக எளிதில் கோபித்துக்கொள்பவர் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. கோபித்துக்கொண்டால் விசேஷங்களுக்கு அழைக்க மாட்டார். அவரைச் சமாதானப்படுத்தப் பெரியவர்கள் நான்கு பேர் தேவைப்படுவார்கள். அதனால் அவருக்கு உயர் முன்னுரிமை அளித்தேன். வேறு ஏதும் உதவி வேண்டுமா?”

வேறு உதவி வேண்டியிருக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் உர மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்ததை வாசிக்கத் தொடங்கினார்கள். சேர்மன் மெதுவாகத் திரும்பி, நான் என்ன அவ்வளவு கோவக்காரனா என்று ராஜராஜனைக் கேட்டார். அதுவரை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ராஜராஜன் வாய் திறந்தார். அதாங்க மாமா எனக்கும் புரியலை, கோவம்னா ஊருல என்னைத்தான் சொல்லுவாங்க என்றார். அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்திருந்தது.

“அப்ப பேரை மாத்துனது யாரு?” என்று கேட்டார் சேர்மன்.

ஏஐ அதற்கும் ஏதாவது சொல்லித் தன்னைக் காப்பாற்றாதா என்று மணிமாறன் போனைப் பார்த்தான். திரை அணைந்து கிடந்தது. வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது, கூடவே வாய்க்கால் மேட்டில் முளைத்துக் கிடந்த நெல்லின் வாடையும் வந்தது.

“நான்தாங்க ஐயா. ஏஐ மாத்துச்சுன்னு சொன்னது பொய்யிங்க. அந்த வயலு பள்ளத்துல கெடக்கு, மழை விழுந்தா போச்சு. உங்களுது மேட்டுல நிக்குது, இன்னும் பச்சைகூடப் போவலை. இந்த வருஷம் உங்களுக்கு முதல்ல அனுப்ப முடியாதுங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஜெயசித்ரா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

பாவம், சேர்மன் நிலைமையையும் பார்க்க வேண்டும். கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. ஆனால் இப்போது கோவித்துக்கொண்டு எழுந்து போனால் ஏஐ சொன்னது நிஜமாகிவிடும், அதுவும் பத்துப் பேர் பார்க்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லை, யாரு சொன்னா கோவம்னு என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். விறுவிறுவென்று இறங்கிப் போனார். பாதி தூரம் போன பிறகு செருப்பு ஞாபகம் வந்து, திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் மெஷினைக் காத்தாயி வயலுக்கே கொண்டுபோனார்கள். ஆனால் வரப்பு ஓரத்தில் வந்ததும் பழனிவேல் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடம் கொளுத்தியாயிற்று. ஆனால் சேர்மன் கையால் முதல் பிடி அறுக்காமல் வண்டியை இறக்க மாட்டேன் என்றார். முன்னே ஒருதரம் அப்படி இறக்கியதில்தான் பெல்ட் அறுந்து ஒரு நாள் முழுக்கச் சேற்றில் கிடந்தேன் என்று சத்தியம் பண்ணினார். மணிமாறன் கெஞ்சினான். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காத்தாயி வரப்பில் நின்று கதிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் வரப்புவரை வந்தும் இந்த வருஷ நெல்லும் போய்விடுமோ என்று மணிமாறன் பயந்தான்.

அப்போது வாய்க்கால் கரையில் ஒரு மொபெட் சத்தம். சேர்மன்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இறங்கினார். அவர் வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் கோவித்துக்கொண்டார் என்று ஊர் பேசும். அது தெரிந்துதான் வந்திருக்கிறார். எனக்குத்தான் கோவம் இல்லைன்னு சொன்னேனே, அருவாளைக் குடுங்கய்யா என்று அதட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் கால் வைத்தார். காத்தாயி வயலில் அவர் கால் படுவது அதுதான் முதல் தடவை. ஒரு பிடி அறுத்து அவளிடம் நீட்டினார். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மெஷின் இறங்கியது. ஒன்றரை ஏக்கர் என்ன பெரிய வேலை, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நெல் டிராக்டர் டிப்பரில் சரசரவென்று கொட்டியது. சேர்மனும் கிளம்பாமல் நின்று, நல்லா வெளைஞ்சிருக்கு என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

காத்தாயி டிப்பரிலிருந்து ஒரு பிடி நெல்லை அள்ளி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். மணிமாறன் அவள் பக்கத்தில் போய் நின்றான். நன்றியாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான், அதில் தப்பும் இல்லை. ஆனால் அவள் திரும்பியபோது அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

“போன வருஷம் ஏன் வரலை?” என்று கேட்டாள். “நாளைக்கு நாளைக்குன்னு எத்தனை நாள் சொன்ன? தெனம் விடியறதுக்குள்ள வந்து இந்த வரப்புல ஒக்காந்திருந்தேன். முளைச்ச நெல்லை நான் அள்ளிக் கொட்டறப்ப நீ பைக்குல அந்தப் பக்கமா பார்த்துக்கிட்டே போனியே, எறங்கி ஒரு வார்த்தை கேட்டியா? ஒரு வருஷ சோறு தம்பி அது. படிச்ச புள்ளைதானே நீ?”

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காத்தாயிக்குக் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “அப்பவே ஏங்க்கா ஒண்ணும் சொல்லலை?” என்றான் மணிமாறன்.

“அப்ப கோவிச்சிருந்தா என்னைச் சமாதானம் பண்ண யாரு வந்திருப்பா?” என்றாள் காத்தாயி. “யாரும் வராத கோவத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இப்ப கோவிச்சுக்கிட்டேன். போ, என்கிட்டப் பேசாத.”

முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் வரப்பில் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். முதல் தூறல் விழுந்தது. பழனிவேல் டிப்பரைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிக் கத்தினார், ஆட்கள் ஓடினார்கள். மணிமாறனின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாருக்கு எது முதலில் வேண்டுமோ. அவன் எடுக்கவில்லை. போய் அவளுக்குப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தான். “அக்கா” என்றான். அவள் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். தூறல் வலுத்தது. அவள் திரும்பவும் இல்லை, அவன் எழுந்து போகவும் இல்லை.